முளைவிட்ட கினோவா: கொழுப்பு எங்கே போகிறது?

உணவு வேதியியல்: வாசகர் கேள்வி – பதில்

தென் அமெரிக்காவிலிருந்து வந்த கினோவா என்ற தானியம் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் மேஜையை நிறைத்துவிட்டன. கல்லூரியில் உணவு வேதியியல் நடத்திய காலம் முழுக்க "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் வகுப்பே தலையைக் குனிந்துகொள்ளும். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கணக்கு நேராகிறது போலும். எல்லாவற்றுக்கும் இடமில்லை, சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அம்மா, கினோவாவை முளைகட்டினால் கொழுப்பு பாதியாகக் குறைந்து வைட்டமின் ஈ பல மடங்கு கூடும் என்று உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். நாத்தனார் அனுப்பிய படத்தில் கொழுப்பு கூடும் என்று இருக்கிறது. என் மகளுக்குத் தோல் வறட்சி. முளைகட்டிக் கொடுக்கலாமா? எந்தப் படம் சரி? – ஒரு வாசகி, திண்டுக்கல்

நீங்கள் இணைத்திருந்த இரண்டு படங்களையும் பார்த்தேன். கொழுப்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே சமயத்தில் சரியாக இருக்க முடியும், அதுதான் வேடிக்கை. இரண்டிலும் "100 கிராமில்" என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. எந்த 100 கிராம் என்று ஒன்றிலும் இல்லை.

ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய உலர்ந்த கினோவா 100 கிராமில் சுமார் 13 கிராம் தண்ணீர், 6 கிராம் கொழுப்பு. இதை ஊறவைத்து முளைகட்டுகிறோம். தண்ணீரைக் குடித்து எடை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு துளியும் செலவாகவில்லை என்றாலும், இப்போது 100 கிராம் ஈர முளையில் இருப்பது 3 கிராம்தான். உங்கள் உறவினரின் படம் தயார். அந்தக் கொழுப்பை யாரும் குறைக்கவில்லை, தண்ணீர் ஊற்றினார்கள், அவ்வளவுதான்.

சரி, ஆய்வுக்கூடத்தில் இப்படி ஏமாற மாட்டார்கள். முளையைக் காயவைத்து, தண்ணீரைக் கழித்துவிட்டு, உலர் எடைக்கு எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. முளைக்கிற விதை மூச்சு விடும். தன்னிடமுள்ள சர்க்கரையையும் மாவுச்சத்தையும் எரித்துக் கரியமில வாயுவாக வெளியே விடும். ஊறவைத்த தண்ணீரோடும் கொஞ்சம் கரைந்து போகும். நம்மிடம் இருந்த 87 கிராம் உலர் பொருளில் 7 கிராம் இப்படிப் போய்விட்டதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீதி 80. கொழுப்பு அதே 6. முதலில் 87-க்கு 6, அதாவது 6.9 சதவீதம். இப்போது 80-க்கு 6, அதாவது 7.5 சதவீதம். நாத்தனாரின் படமும் தயார். ஒரு சொட்டு எண்ணெய்கூடப் புதிதாக உண்டாகவில்லை.

வைட்டமின் ஈ-க்கும் இதே விளையாட்டு நடக்கும். ஆகவே முளைகட்டிய எதைப் பற்றி யார் எண் சொன்னாலும் நான் கேட்பது ஒன்றே ஒன்று: இத்தனை விதையில் முதலில் எவ்வளவு இருந்தது, அதே விதைகள் முளைத்த பிறகு எவ்வளவு இருக்கிறது? இதற்குப் பதில் இல்லாத அட்டவணையை நான் மடித்து வைத்துவிடுவேன்.

இனி உள்ளே நிஜமாக நடப்பதைச் சொல்கிறேன். மண்ணைப் பிளந்து வெளியே வந்து, இலை விரித்து, தானே சமைத்துச் சாப்பிடும் வரைக்கும் விதைக்கு ஒரு கட்டுச்சோறு வேண்டும். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு எல்லாம் சேர்ந்ததுதான் அது. கொழுப்பு மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகளாக, ஒவ்வொரு துளியைச் சுற்றியும் ஒரு மெல்லிய உறையோடு இருக்கும். முளைப்பு தொடங்கியதும் லைபேஸ் என்ற நொதி அந்த எண்ணெயைக் கிளிசராலாகவும் கொழுப்பு அமிலங்களாகவும் பிரிக்கிறது. பிரிந்த அமிலங்கள் இரண்டிரண்டு கார்பனாக வெட்டுப்பட்டு, கிளையாக்சிலேட் சுழற்சி என்ற வழியாகப் போய், கடைசியில் சர்க்கரையாக மாறி வளரும் வேருக்கும் தண்டுக்கும் போய்ச் சேர்கின்றன. கொழுப்பு அமிலத்தைச் சர்க்கரையாக மாற்றும் இந்த வழி நம் உடம்பில் கிடையாது. இருந்திருந்தால் தொப்பைக்காரர்கள் பாடு எவ்வளவோ சுலபம்.

ஆனால் இந்த எண்ணெய்ச் செலவு பெரும்பாலும் வேர் வெளியே எட்டிப் பார்த்த பிறகுதான் மும்முரமாகிறது. நாம் வீட்டில் செய்வது என்ன? கொஞ்ச நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் கட்டி, மறுநாள் சின்ன வால் தெரிந்ததும் அடுப்பில் ஏற்றிவிடுகிறோம். அதற்குள் மொத்தக் கொழுப்பில் பெரிய மாற்றம் வந்துவிடாது. கொழுப்பின் வகையும் அப்படித்தான். கினோவா எண்ணெயில் ஏறக்குறைய பாதி லினோலிக் அமிலம், கால் பங்கு ஒலிக் அமிலம், பத்தில் ஒரு பங்கு பால்மிடிக் அமிலம், அப்புறம் கொஞ்சம் ஆல்ஃபா லினோலெனிக், அதாவது ஒமேகா-3. ஓர் இரவில் இது தலைகீழாகாது. முளையை நாள்கணக்கில் வளரவிட்டால் எண்ணெய் இறங்கும். அப்போது உங்கள் கையில் இருப்பது கீரை.

வைட்டமின் ஈ அங்கே எதற்கு இருக்கிறது? லினோலிக், லினோலெனிக் மாதிரி அமிலங்கள் காற்றுப் பட்டால் சீக்கிரம் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். ஒரு மூலக்கூறு கெட்டால் அது பக்கத்தில் இருப்பதைக் கெடுக்கும், அது அடுத்ததை. வைட்டமின் ஈ இந்தத் தொடரை நடுவில் அறுக்கிறது. அராபிடாப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடியை வைத்துச் செய்து 2004-ல் வெளியான ஆய்வு ஒன்றை வகுப்பில் விடாமல் சொல்வேன். வைட்டமின் ஈ தயாரிக்க முடியாதபடி மரபணு மாறிய செடிகள் அவை. அவற்றின் விதைகள் சேமிப்பில் சீக்கிரம் உயிர் இழந்தன. முளைத்தவையும் நோஞ்சானாக வளர்ந்தன, ஏனென்றால் முளைக்கும்போதே உள்ளிருந்த கொழுப்பு கெட்டது. விதை வைட்டமின் ஈ-யைத் தன் எண்ணெயைக் காக்கத்தான் வைத்திருக்கிறது, நம் தோலுக்காக அல்ல. முளைக்கும்போது கொஞ்சம் செலவாகும், கொஞ்சம் புதிதாகவும் உண்டாகும். எது மிஞ்சும் என்பது விதையின் ரகம், வெப்பம், வெளிச்சம், எத்தனை நாள் விட்டோம் எல்லாவற்றையும் பொறுத்தது. ஒரு ராத்திரியில் பல மடங்கு என்பதை நான் நம்பமாட்டேன்.

அப்படியே கூடினாலும் எதிலிருந்து கூடுகிறது என்று பாருங்கள். உலர்ந்த கினோவா 100 கிராமில் ஆல்ஃபா டோக்கோஃபெரால் சுமார் 2.4 மில்லிகிராம், காமா டோக்கோஃபெரால் சுமார் 4.5 மில்லிகிராம். இரண்டும் வைட்டமின் ஈ குடும்பம்தான். ஆனால் நம் கல்லீரல் ஆல்ஃபாவைத்தான் பிடித்து வைத்துக்கொண்டு ரத்தத்தில் அனுப்பும். காமாவில் பெரும்பகுதி கழிந்துவிடும். ஒரு ஆளுக்கு 50 கிராம் கினோவா போட்டு உப்புமா கிளறினால் ஆல்ஃபா 1.2 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் என்பது அமெரிக்கப் பரிந்துரை. அந்த உப்புமாவைத் தாளிக்க ஊற்றுகிற ஒரு மேஜைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயில் ஐந்து மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பத்துப் பாதாமில் சுமார் மூன்று. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் இரண்டுக்கு மேல். கினோவாவை முளைகட்டிக் கொடுங்கள், நல்லதுதான், ஆனால் வைட்டமின் ஈ-க்காக என்றால் மகளுக்குக் கடலை உருண்டை வாங்கிக் கொடுப்பது மலிவு.

தோல் வறட்சிக்குத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பாட்டில் வைட்டமின் ஈ போதாமல் குறைபாடு வருவது அபூர்வம். குடலில் கொழுப்பு சரியாக உறிஞ்சப்படாத நோயாளிகளுக்குத்தான் பெரும்பாலும் வரும். அதுவும் தோலில் காட்டாது, நரம்பில் காட்டும்.

கேள்வி: மேடம், கினோவா வெந்ததும் ஒவ்வொரு மணியிலிருந்தும் வெள்ளையாக ஒரு சுருள் பிரிந்து வருகிறதே, அது முளையா? முளைத்த தானியத்தை விற்று ஏமாற்றுகிறார்களோ? – ஒரு வாசகர், நாகர்கோவில்

யாரும் ஏமாற்றவில்லை. அதுதான் கினோவாவின் கரு. நெல்லில் கரு ஒரு மூலையில் புள்ளியாக ஒட்டிக்கொண்டிருக்கும். தவிட்டோடு அதையும் தீட்டித் தள்ளிவிடுகிறோம். அதனால்தான் வெள்ளை அரிசியில் கொழுப்பு ஒரு சதவீதம்கூட இல்லை. கினோவாவில் நடுவே மாவு, அதைச் சுற்றி விளிம்போடு விளிம்பாக வளையம் போட்டுக் கரு. வேகும்போது மாவு உப்பி மேல்தோல் பிரிய, வளையம் கழன்றுகொள்கிறது. கொழுப்பும் வைட்டமின் ஈ-யும் பெரும்பாலும் அந்த வளையத்தில்தான்.

ஆய்வுக்கூடத்தில் மாணவிகளோடு சாக்ஸ்லெட் கருவியில் கினோவா எண்ணெய் எடுத்திருக்கிறேன். அரைத்த மாவைக் காகிதக் குழலில் அடைத்து மேலே வைத்துவிட்டால், கீழே கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பான் ஆவியாகி, குளிர்ந்து, மாவின் மேல் சொட்டி, எண்ணெயைக் கரைத்துக்கொண்டு திரும்பவும் குடுவைக்கே வரும். சாயங்காலம் ஈதரை ஓட்டிவிட்டால் குடுவையின் அடியில் இளமஞ்சளாகக் கொஞ்சம் எண்ணெய் நிற்கும். "இவ்வளவுதானா மேடம்?" என்பார்கள். அதே வேலையை வெள்ளை அரிசிக்குச் செய்ய வைப்பேன். குடுவையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடுவார்கள்.

முளையையும் வெந்த வாலையும் பிரித்துப் பார்க்க எளிய வழி: வேகவைக்காத மணியில் கூர்மையான வெள்ளை நுனி ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் அது முளை. வெந்த பிறகு மோதிரம் மாதிரிச் சுருண்டு வருவது கரு.

கேள்வி: ஊறவைத்து, துணியில் கட்டி, எல்லாம் செய்தும் என் கினோவா முளைக்கவே இல்லை. கலப்படமா? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

கலப்படம் என்று சொல்ல மாட்டேன். கினோவாவின் மேல்தோலில் சப்போனின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. கழுவும்போது சோப்பு மாதிரி நுரை வருமே, அதுதான். ஆலையில் இதைப் போக்கத் தேய்ப்பார்கள், கழுவுவார்கள், பிறகு சூட்டில் உலர்த்துவார்கள். கரு விளிம்பில் இருக்கிறது என்று மேலே சொன்னேனில்லையா? கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் வேர்நுனி போயிற்று. சூடு அதிகமானால் கரு செத்தது. பழைய சரக்கானாலும் முளைக்காது. சமைக்க அது ஒன்றும் மோசமில்லை.

உயிருள்ள விதை கிடைத்தால் கினோவாவைப் போல அவசரக்காரி வேறில்லை. நுரை அடங்கும் வரை அலசி, இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் ஊறவைத்து, கண் சின்னதாக இருக்கும் எஃகு வடிகட்டியில் வடித்து, ஈரத்துணியால் மூடி வைத்தால் மறுநாளே வால் தெரியும். பயறு மாதிரி ராத்திரி முழுக்கத் தண்ணீரில் முக்கி வைக்காதீர்கள், மூச்சு முட்டி நாற்றம் எடுக்கும்.

கேள்வி: முளைகட்டிய கினோவாவை நிழலில் காயவைத்து மாவாக்கி டப்பாவில் வைத்தேன். கொஞ்ச நாளில் பழைய எண்ணெய் வாடை. அம்மா காலத்திலிருந்து கேழ்வரகை முளைகட்டி மாவாக்குகிறோம், அது இப்படி ஆவதில்லையே? – ஒரு வாசகி, சேலம்

நல்ல கேள்வி. கேழ்வரகில் கொழுப்பு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. கெடுவதற்கே அதிகம் இல்லை. கினோவாவில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். உங்கள் ஊர்ப் பக்கம் கம்பு மாவைக் கேட்டுப் பாருங்கள். கம்பில் சுமார் 5 சதவீதம் கொழுப்பு. அரைத்த மாவு சில நாளில் கசக்கும் என்று தெரிந்துதான் பாட்டிமார் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் இடித்தார்கள். இரண்டிலும் நடப்பது ஒன்றே. முழு விதையில் லைபேஸ் ஓர் அறையில், எண்ணெய் ஓர் அறையில். அரைத்தால் சுவர் இடிந்து இரண்டும் கலக்கின்றன. முளைகட்டினாலோ அந்த நொதிக்கு ஏற்கெனவே வேலை தொடங்கிவிட்டது, கட்டற்ற கொழுப்பு அமிலங்கள் கூடியிருக்கும். நிழலில் உலர்த்தியதால் நொதி சாகவில்லை, தண்ணீர் இல்லாமல் சோம்பிக் கிடக்கிறது. டப்பாவில் ஈரக்கரண்டி போட்டால் விழித்துக்கொள்ளும். கூடவே காற்றும் எண்ணெயைக் கெடுக்கிறது. அதைத் தடுக்கத்தான் வைட்டமின் ஈ செலவாகிறது. சிக்கு வாடை வந்த மாவில் வைட்டமின் ஈ-யும் நிறையப் போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

என் யோசனை: முளையைக் காயவைத்த பிறகு வாணலியில் மிதமான தீயில், கை விடாமல், வாசம் வரும் வரை வறுங்கள். நொதி அடங்கும். ஆறியதும் கொஞ்சமாக அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். வறுக்கும்போது வைட்டமின் ஈ கொஞ்சம் குறையும். குறையட்டும், சிக்கெடுத்த மாவைவிட அது மேல். ஏற்கெனவே வாடை வந்துவிட்டதைத் தூக்கிப் போடுங்கள், புளி ஊற்றி மறைக்க வேண்டாம்.

கேள்வி: கினோவா விளைகிற நாட்டில் முளைகட்டித்தான் சாப்பிடுவார்களா? – பிளஸ் டூ மாணவி, விருதுநகர்

கினோவா ஆண்டிஸ் மலையின் பயிர். பெரு, பொலிவியா நாடுகளில் டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றியும், தெற்கே உயுனி உப்புப் பரப்பை ஒட்டியும், கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கும் மேலே விளைகிறது. 2013-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச கினோவா ஆண்டாக அறிவித்த பிறகுதான் உலகம் முழுக்கப் பேச்சு. நம் பக்கம் ராஜஸ்தானிலும் ஆந்திராவிலும் பயிரிட்டுப் பார்த்தார்கள். ஆண்டிஸ் மக்கள் கசப்புப் போகத் தேய்த்துக் கழுவி சூப்பில் போடுகிறார்கள், பாலும் பாலாடைக்கட்டியும் சேர்த்துக் கூழாக்குகிறார்கள், வறுத்து இடித்து "பிட்டோ" என்ற மாவாக வைத்துக்கொள்கிறார்கள். நம் சத்துமாவுக்கு அது தூரத்துச் சொந்தம்.

முளை என்றால் விவசாயிக்கு அங்கே பயம்தான். கினோவா விதைக்கு உறக்க காலம் என்பது அநேகமாகக் கிடையாது. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் கதிரிலேயே முளைத்துவிடும். நம் ஊரில் நெல் வயலில் சாய்ந்து முளைத்தால் விவசாயி முகம் எப்படி இருக்கும், அப்படி.

கேள்வி: முளையை இருட்டில் வைக்க வேண்டுமா, வெளிச்சத்திலா? வைட்டமின் ஈ எதில் அதிகம்? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

ஒரு நாள் முளைக்கு இருட்டோ வெளிச்சமோ பெரிய வித்தியாசம் இல்லை. இலை விரியும் வரை வளர்க்கப்போகிறீர்கள் என்றால் வெளிச்சம் கொடுங்கள். பொதுவாக விதைகளில் காமா டோக்கோஃபெரால் தூக்கல், பச்சை இலைகளில் ஆல்ஃபா தூக்கல். காமாவோடு மீத்தைல் என்ற சிறு அணுக்கூட்டம் ஒன்றைச் சேர்த்து ஆல்ஃபாவாக்கும் நொதி செடியிடம் இருக்கிறது. பச்சையம் உருவாகும்போது அதைத் தாங்கும் சவ்வுகளில் லினோலெனிக் அமிலமும் சேரும். ஆக, பச்சை பிடித்த முளையில் கொழுப்பு மொத்தத்தில் குறைந்தாலும், இருப்பதில் ஒமேகா-3-இன் பங்கும் வைட்டமின் ஈ-யில் ஆல்ஃபாவின் பங்கும் ஏறும். பங்கு ஏறுவதும் அளவு ஏறுவதும் வேறு வேறு. திண்டுக்கல் வாசகிக்கு எழுதியதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நேர் வெயில் வேண்டாம், ஜன்னலோர வெளிச்சம் போதும்.

கேள்வி: அப்படியானால் முளைகட்டுவதே வீணா? பச்சையாகச் சாப்பிட்டால்தான் பலன் என்கிறார்களே? – ஒரு வாசகி, திருச்சி

வீண் இல்லை. முளைக்கும்போது, தாதுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது, அதனால் இரும்பும் துத்தநாகமும் உடம்பில் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். வைட்டமின் சி உண்டாகிறது. சீக்கிரம் வேகும், லேசாக இனிக்கும். எங்கள் வீட்டில் நான் முளைகட்டுவது இந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான்.

பச்சையாகச் சாப்பிடச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. விதை முளைக்க எது வேண்டுமோ, அந்த ஈரமும் வெதுவெதுப்பும்தான் கிருமிக்கும் வேண்டும். 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளையில் ஈ.கோலை கிருமி புகுந்து கிட்டத்தட்ட 4,000 பேர் நோயில் விழுந்தார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பச்சை முளையே வேண்டாம். ஆவியில் வேகவைத்தால் வைட்டமின் சி கொஞ்சம் போகும். வைட்டமின் ஈ தண்ணீரில் கரையாது, அதனால் கஞ்சித் தண்ணீரோடு ஓடிவிடுமோ என்ற கவலை வேண்டாம். ஆனால் அது உடம்பில் சேரக் கொழுப்பு தேவை. எண்ணெயே இல்லாமல் எலுமிச்சம்பழம் பிழிந்து சாலட் என்று சாப்பிடுகிறவர்கள், ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, மேலே வேர்க்கடலை பொடித்துத் தூவிக்கொள்ளுங்கள்.